ஒரு ராத்திரி தங்குற ஊரு: கன்னியாகுமரி எப்படி இப்படி ஆச்சு

மதுரைக்கார தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு: "எங்க தாத்தா 1960கள்ல கன்னியாகுமரி வந்திருக்காரு, அப்ப கோயிலு, கடலு, கொஞ்சம் குடிசை, அவ்வளவுதான், ரொம்ப அமைதியான ஊருன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நாங்க போன டிசம்பர்ல போனா நிக்க இடமில்ல. இந்த ஊரு எப்ப, எதனால இப்படி மாறுச்சு? இப்பவும் ரெண்டு நாள் சத்தமில்லாம கடலைப் பாத்துட்டு இருக்க முடியுமா?"

தம்பி, எனக்கு சொந்த ஊரு கொட்டாரம், கன்னியாகுமரிக்கு ஒரு அஞ்சு கிலோமீட்டர் வடக்க. எங்க பக்கத்து பழைய ஆளுங்க கன்னியாகுமரின்னு முழுசா சொல்லவே மாட்டாங்க, "கேப்"னு தான் சொல்வாங்க, "கேப்புக்கு போயிட்டு வாறேன்"னு. வெள்ளக்காரன் வச்ச கேப் காமரின்ல மிஞ்சுன பாதி அது. எங்க பெரியப்பா கேப்பில ஒரு லாட்ஜ்ல முப்பது வருஷம் வேலை பாத்தாரு, நானும் பிளஸ் டூ முடிச்ச கையோட 1987ல அதே லாட்ஜ் ரிசப்ஷன்ல சேர்ந்து ஏழு வருஷம் இருந்தேன். அதனால படிச்சது கொஞ்சம், பெரியப்பா சொன்னது கொஞ்சம், கண்ணால பாத்தது கொஞ்சம்னு சேத்து சொல்றேன், நீளமா தான் போகும்.

முதல்ல நேரடி பதில். உங்க தாத்தா சொன்னது சரிதான். அந்த ஊரு மாறுனது 1956க்கும் 1984க்கும் நடுவுல, ஒரு தலைமுறைக்குள்ள. அதுக்கு முன்ன 2000 வருஷமா அது சாமி கும்பிட்டு கடல்ல முங்குற ஊரு. மாத்துனது கடல் அழகு இல்ல, அந்த அழகு எப்பவும் தான் இருந்துச்சு. எங்க முனை ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு அடையாளமா ஆச்சு பாருங்க, அது தான் மாத்துச்சு. அடையாளத்தைப் பாக்க வர்ற ஆளு பாத்ததும் கிளம்பிருவான், அதனால கேப் ஒரு ராத்திரி தங்குற ஊராவே வளந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் அப்படியே இருக்கு.

பழைய கதையில இருந்து வாறேன். கி.பி. முதல் நூற்றாண்டுல செங்கடல்ல இருந்து இந்தியா வரைக்கும் வியாபாரம் பண்ண கிரேக்கக் கப்பல்காரங்களுக்காக எழுதுன பெரிப்ளூஸ்ங்கற குறிப்புல "கோமாரி" வருது. இங்க ஒரு முனை இருக்கு, துறைமுகம் இருக்கு, மிச்ச வாழ்நாளை விரதமா கழிக்க நினைக்கிற ஆம்பளைங்களும் பொம்பளைங்களும் வந்து குளிச்சுட்டு இங்கேயே தங்கிருவாங்க, ஏன்னா ஒரு தெய்வம் இங்க இருந்து நீராடுனதா சொல்றாங்கன்னு எழுதி வச்சிருக்கான். அப்பமே கன்னி தெய்வம், அப்பமே கடல் குளியல். பதிமூணாம் நூற்றாண்டுல மார்க்கோ போலோவும் இந்த முனையைப் பத்தி சொல்லிட்டுப் போயிருக்கான்.

நம்ம பக்கம் பாத்தா தொல்காப்பியப் பாயிரத்துல வடவேங்கடம் தென்குமரின்னு தமிழ் நாட்டோட எல்லையே இதுதான். எனக்கு அதை விட பிடிச்சது மணிமேகலையில வர்ற ஆபுத்திரன் கதை. ஆபுத்திரனோட அம்மா சாலி வாரணாசிக்காரி, செஞ்ச தப்புக்கு பாவம் தீரணும்னு அங்க இருந்து குமரியில நீராட கிளம்பி வர்றா, வழியில பிள்ளை பிறக்குது. காசியில இருக்கிறவ பாவம் போக்க தெக்க வர்றான்னா குமரித் தீர்த்தத்துக்கு அந்தக் காலத்துல என்ன பேரு இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. இதுல இன்னொண்ணு, சுதந்திரத்துக்கு அப்புறம் போட்ட பழைய நேஷனல் ஹைவே 7 இருக்குல்ல, அது வாரணாசியில ஆரம்பிச்சு கன்னியாகுமரியில முடியுற ரோடு. இப்பம் நம்பர் மாத்தி ஸ்ரீநகர்ல இருந்து வர்ற 44 ஆக்கிட்டாங்க. 2023 டிசம்பர்ல காசி தமிழ் சங்கமம் எக்ஸ்பிரஸ்னு கன்னியாகுமரிக்கும் பனாரசுக்கும் நேரா ரயிலே விட்டாங்க. சாலி நடந்த வழியில இப்பம் ரயில் போகுது, அந்த வண்டி பிளாட்பாரத்துல நிக்கிறதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அவ நினைப்பு தான் வரும்.

அப்புறம் பாண்டியர், சோழர், வேணாடு, திருவிதாங்கூர்னு கை மாறி மாறி போச்சு. பகவதி அம்மன் கோயில்ல வீரராஜேந்திர சோழனோட கல்வெட்டு இருக்கு, 11ஆம் நூற்றாண்டு, சோழ வம்சத்துக் கதையவே சொல்ற பெரிய கல்வெட்டு. கோயில் கிழக்கு வாசல் வருஷத்துல சில நாள் தான் திறப்பாங்க. அம்மனோட மூக்குத்தி வெளிச்சத்தை லைட் ஹவுஸ்னு நினைச்சு கப்பல்காரங்க பாறையில வந்து மோதுனாங்க, அதனால தான் அடைச்சு வச்சிருக்குன்னு எங்க அம்மை சொல்லுவா. கல்யாணக் கதையும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சுசீந்திரத்துல இருந்து மாப்பிள்ளையா கிளம்புன சிவனை நாரதர் சேவல் மாதிரி கூவி விடிஞ்சுருச்சுன்னு நம்ப வச்சு திருப்பி அனுப்பிட்டாரு, கல்யாணம் நின்னு போச்சு, ஆக்கி வச்ச சோறு, பருப்பு, அரிசி எல்லாம் மண்ணாப் போச்சு, அதான் இங்க மண்ணு பல கலர்ல இருக்குன்னு.

அந்த மண்ணைப் பத்தி ஒரு நிமிஷம் சொல்லிட்டுப் போறேன், ஏன்னா டூரிஸ்ட் வாங்குற கலர் மண் பாக்கெட் எல்லாம் அதுதான். கறுப்பா இருக்கிறது இல்மனைட், செவப்பா இருக்கிறது கார்னெட், மஞ்சளும் பழுப்புமா இருக்கிறது மோனசைட். 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர், திருவிதாங்கூர்ல இருந்து ஏற்றுமதியான கயிறுல ஒட்டியிருந்த மண்ணைப் பாத்து இதுல தோரியம் இருக்குன்னு கண்டுபிடிச்சாரு. அப்பம் கேஸ் விளக்கு மேண்டிலுக்கு தோரியம் வேணும், அதனால தேடிக்கிட்டு மணவாளக்குறிச்சிக்கே வந்தாங்க, மணல் ஆலை வந்துச்சு, இன்னைக்கு மத்திய அரசோட ஐ.ஆர்.இ.ங்கற அரிய மணல் கம்பெனி அங்க தான் ஓடுது. கயித்துல ஒட்டுன மண்ணு ஒரு கடற்கரையோட தலையெழுத்தையே மாத்திருச்சு. அந்த மண்ணை அள்ளலாமா கூடாதான்னு கரையோர ஊருங்கள்ல இன்னைக்கும் போராட்டம் நடக்குது, அது தனியா எழுத வேண்டிய விஷயம்.

திருவிதாங்கூர் காலத்துல கேப் ராஜ்யத்தோட கடைசி மூலை. ராஜா குடும்பம் கும்பிட வரும், வந்தா தங்குறதுக்கு மாளிகை, காவலுக்கு வட்டக்கோட்டை. கேரளா ஹவுஸ்னு ஊருக்குள்ள ஒரு கட்டடம் இன்னைக்கும் கேரள அரசு கையில இருக்கு பாத்திருப்பீங்க, அந்தப் பழைய உறவோட மிச்சம். வட்டக்கோட்டையை 18ஆம் நூற்றாண்டுல கட்டி பலப்படுத்துனது டி லனாய். 1741 ஆகஸ்ட் 10ல குளச்சல் போர்ல மார்த்தாண்டவர்மா கிட்ட பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி, அப்புறம் அதே ராஜாவுக்கு படைத்தளபதி ஆனவர். ஆனா இந்த ஊருக்குன்னு அப்பம் வியாபாரமோ பெரிய துறைமுகமோ கிடையாது, கப்பல் எல்லாம் குளச்சலுக்குத் தான் போகும். முனை முழுக்க பாறை, அலை ஆவேசமா அடிக்கும். கடற்கரை ரிசார்ட்னு வெளிநாட்டுக்காரன் நினைக்கிற மாதிரி படுத்து உருள மணல் இங்க கம்மி, நீந்துற கடலும் இல்ல. படித்துறையில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு முங்கி எழுந்திரிக்கிற கடல் தான். இந்த ஊரு கோவளம் மாதிரி ஆகாம போனதுக்கு பாதிக் காரணம் அந்தப் பாறை தான். நான் சொல்றது திருவனந்தபுரம் கோவளம், எங்க பக்கத்துலயும் ஒரு கோவளம் இருக்கு, மீனவ கிராமம்.

மீனவங்களைச் சொல்லாம இந்த ஊரு கதை இல்ல. பதினாறாம் நூற்றாண்டுல இந்தக் கரை முழுக்க கிறிஸ்தவம் ஆச்சு, 1544ல சவேரியார் திருவிதாங்கூர் கரையில வந்து ஆயிரக்கணக்கான முக்குவர் குடும்பங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாரு. கன்னியாகுமரியில அலங்கார உபகார மாதா கோயில் இருக்கே, வெள்ளையா உயரமா, அது அந்த மக்களோட கோயில். பெரியநாயகி தெரு, வாவத்துறை, அந்தப் பக்கம் சின்னமுட்டம், ஆரோக்கியபுரம் எல்லாம் அவங்க ஊரு. டூரிஸ்ட் வர்றதுக்கு முன்ன கேப்புனா அம்மன் கோயிலைச் சுத்தி இருந்த தெருக்களும் இந்தக் கரையோரத் தெருக்களும் தான்.

1892 டிசம்பர் கடைசியில மூணு நாள் விவேகானந்தர் கடலுக்குள்ள இருக்கிற அந்தப் பாறையில உக்காந்தாரு. தோணிக்கு காசில்லாம நீந்திப் போனாருன்னு சொல்வாங்க. காந்தி 1925ல வந்தாரு, சீமைக்குப் போனவர்னு சொல்லி கோயிலுக்குள்ள முழுசா விடல. 1936 நவம்பர் 12ல ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தப்புறம் 1937 ஜனவரியில திரும்ப வந்தாரு, அப்பம் கோயிலு எல்லாருக்கும் திறந்திருந்துச்சு. 1948 பிப்ரவரியில அவரோட அஸ்தியை இங்க தான் கரைச்சாங்க. இதெல்லாம் நடந்தும் ஊரு அமைதியா தான் கிடந்துச்சு, வந்தவங்க பெரிய ஆளுங்க, ஆனா அவங்களுக்குப் பின்னால கூட்டம் வர வழி இல்ல, ரயில் கிடையாது, ரோடு சின்ன ரோடு.

திருப்பம் 1956 நவம்பர் 1. நேசமணி தலைமையில தெக்கு தாலுகாக்களை தமிழ்நாட்டோட சேக்கணும்னு நடந்த போராட்டம், 1954 ஆகஸ்ட் 11ல மார்த்தாண்டம், புதுக்கடையில நடந்த துப்பாக்கிச்சூடு, அத்தனை உயிர் போனப்புறம் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆச்சு. மாவட்டத்துக்கு தலைநகரம் நாகர்கோவில், ஆனா பேரு கன்னியாகுமரி. அந்தப் பேரு வச்சதுல தான் எல்லாம் இருக்குன்னு நான் நினைக்கிறேன். திருவிதாங்கூருக்கு இது கடைசி மூலை, தமிழ்நாட்டுக்கு இது தென்குமரி, இந்தியாவுக்கு காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை. ஒரே பாறை முனையை இந்துக்கள், தமிழர், இந்தியர்னு மூணு உணர்ச்சி ஒரே சமயத்துல வந்து பிடிச்சுச்சு. அதே 1956ல தான் காந்தி மண்டபமும் கட்டி முடிச்சாங்க, ஒடிசா கோயில் பாணியில. அக்டோபர் 2 நடுப்பகல்ல அஸ்தி வச்சிருந்த இடத்துல சூரிய வெளிச்சம் விழுற மாதிரி கட்டியிருக்காங்க, அந்த நாள் வந்தா போய் நின்னு பாருங்க.

அடுத்தது பாறை. 1963 விவேகானந்தர் நூற்றாண்டு, அவரு உக்காந்த பாறையில நினைவு மண்டபம் கட்டணும்னு கிளம்புனாங்க. பாறை யாருக்குன்னு இந்துக்களுக்கும் மீனவ கத்தோலிக்கருக்கும் அப்பம் பெரிய மனக்கசப்பு, சிலுவை வச்சது எடுத்ததுன்னு ஊரே ரெண்டா நின்னுச்சு, எங்க பெரியப்பா அதைப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்குவாரு. அரசாங்கத்துலயும் மேல வரைக்கும் எதிர்ப்பு இருந்துச்சு, முதலமைச்சர் பக்தவத்சலம் ஒரு கல்வெட்டுப் பலகை போதும்னு சொன்னாரு. மண்டபக் கமிட்டி வேலையை முன்ன நின்னு நடத்துன ஏக்நாத் ரானடே டெல்லிக்குப் போய் மூணே நாள்ல 323 எம்.பி.க்கள் கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்தாரு. அப்புறம் ஆளுக்கு ஒரு ரூபான்னு நாடு பூரா வசூல், லட்சக்கணக்கான ஜனங்க கொடுத்தாங்க. எஸ்.கே. ஆச்சாரி ஸ்தபதி தலைமையில ஆறு வருஷம் வேலை, 1970 செப்டம்பர் 2ல ஜனாதிபதி வி.வி. கிரி திறந்து வச்சாரு. அந்த ஒரு ரூபா தான் முக்கியம் தம்பி. அசாம்லயும் ராஜஸ்தான்லயும் ஸ்கூல் பிள்ளையா ஒரு ரூபா கொடுத்தவன் பெரிய ஆளாகி, நாம காசு கொடுத்த இடமாச்சேன்னு குடும்பத்தோட பாக்க வந்தான். எங்க ரிசப்ஷன்லயே எத்தனையோ பேரு அதைச் சொல்லி சொல்லி சாவி வாங்கிட்டுப் போயிருக்காங்க.

ஆனா வர வழி வேணும்ல. 1979ல திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி ரயில் பாதை வந்துச்சு, 1981ல திருநெல்வேலி நாகர்கோவில் பாதை சேர்ந்துச்சு, 1984ல ஜம்முவுக்கு ஹிமசாகர். அதே 1984ல இருந்து பூம்புகார் கப்பல் கழகம் படகு ஓட்டுது, குகன், பொதிகை, விவேகானந்தான்னு படகுங்க. இதோட வேலை முடிஞ்சுது. மண்டபம், ரயில், படகு, மூணும் வந்தப்புறம் லாட்ஜ் மேல லாட்ஜா எழும்புச்சு. 1984ன்னு நான் கோடு போடுறது அதனால தான். இன்னொண்ணு, நாட்டுல யாரு நடைப்பயணம் கிளம்புனாலும் கேப்புல இருந்து தான், 1983ல சந்திரசேகர், 2022ல ராகுல் காந்தி. 2024 தேர்தல் முடியுற நேரம் மோடி வந்து பாறையில தியானம் இருந்தாரு. எல்லாருக்கும் அந்த முனை வேணும்.

இப்பம் நான் பாத்ததைச் சொல்றேன். எங்க லாட்ஜ்ல மூணு மாடி, கிழக்க பாத்த ரூம் முதல்ல போயிரும், மேக்க பாத்த ரூமுக்கு வாடகை கம்மி. சாயங்காலம் நாலு மணியில இருந்து ஆளு வரும், பெட்டியை வச்சுட்டு சூரிய அஸ்தமனம் பாக்க ஓடும். ராத்திரி சாப்பாடு முடிஞ்சு படுத்தா, காலையில நாலே முக்காலுக்கு எங்க ரூம் பாய் டார்ச் லைட்டோட மேல் மாடியில இருந்து இறங்கிக்கிட்டே ஒவ்வொரு கதவா தட்டுவான், "சார் சன்ரைஸ், சார் சன்ரைஸ்"னு. இந்திக்காரங்க ரூம்னா "சூர்யோதய்". கதவு கதவா திறக்கும், போர்வையைப் போத்திக்கிட்டு, பிள்ளைங்களைத் தோள்ல போட்டுக்கிட்டு, தூக்கக் கண்ணோட மொட்டை மாடிக்கு ஏறுவாங்க. மேல பால்காரர் கேன்ல இருந்து காபி ஊத்திக்கிட்டு நிப்பாரு, பாசி மாலைக்காரன் கையில முப்பது மாலையைத் தொங்கவிட்டுக்கிட்டு ஏறி வருவான். அடிவானத்துல மேகம் இல்லேன்னா முதல்ல செவப்பா ஒரு கீத்து தெரியும், அப்பம் அந்த மாடியில இருக்கிற நூறு பேரும் ஒண்ணா மூச்சு விடுற சத்தம் கேக்கும், அதை நான் ஏழு வருஷம் கேட்டிருக்கேன், ஒரு நாளும் சலிச்சதில்ல. ஏழு மணிக்கெல்லாம் மாடி காலி. குளிச்சு, அம்மனைக் கும்பிட்டு, படகுக் கியூவுல நின்னு, பாறைக்குப் போயிட்டு வந்து, சங்கும் பனங்கற்கண்டும் வாங்கிட்டு, மத்தியானத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணிருவாங்க. ரிஜிஸ்தர்ல "எத்தனை நாள்"ங்கற கட்டத்துல பக்கம் பக்கமா 1, 1, 1னு தான் இருக்கும். பெரிப்ளூஸ்காரன் பாத்த ஆளு மிச்ச வாழ்நாளுக்கும் தங்குனான், எங்க ரிஜிஸ்தர்ல இருந்தவன் இருபது மணி நேரம்.

அதுல இருந்து தான் ஊரோட உருவமே வந்துச்சு. ஒரு நாள்ல போறவனுக்கு மரம் வேணாம், நடக்க நல்ல பாதை வேணாம், உக்காந்து புஸ்தகம் படிக்க ஒரு இடம் வேணாம். ரூம், சாப்பாடு, கடை, கார் பார்க்கிங், இது போதும். கார்த்திகை ஒண்ணுல இருந்து தை வரைக்கும் ஐயப்ப சீசன், சபரிமலைக்கு மாலை போட்டவங்க பஸ் பஸ்ஸா வருவாங்க, அதுக்குன்னு சீசன் கடை ஏலம் போடுவாங்க, கடற்கரைக்குப் போற ரோடு தெரியாத அளவுக்கு கடை. அந்த அறுபது நாள் வருமானத்துல தான் எத்தனையோ சின்னக் குடும்பம் வருஷம் பூரா சாப்பிடுது, அதனால கடையை எடுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஊரைத் திட்டம் போட்டவங்க சீசன் கூட்டத்தை மட்டும் மனசுல வச்சு திட்டம் போட்டுட்டாங்க, மிச்ச பத்து மாசம் இந்த ஊருல வாழ்ற ஜனம் நினைப்புல வரல. ரொம்ப காலம் பேரூராட்சியாவே வச்சிருந்து இப்பம் தான் நகராட்சி ஆக்குனாங்க. அவ்வளவு கூட்டத்தோட குப்பையும் கழிவும் ஒரு பேரூராட்சி தலையில இருந்துச்சு.

மீனவத் தெருவுக்கும் லாட்ஜ் தெருவுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு, வெளியூர்க்காரருக்குத் தெரியாது. காலையில மாடியில நிக்கிறவன் கடல்ல புள்ளி புள்ளியா வள்ளத்தைப் பாத்து போட்டோ எடுப்பான், அந்த வள்ளத்துல இருக்கிறவன் வீடு மாடிக்கு நேர் கீழ தான் இருக்கு, ஆனா லாட்ஜ் வருமானத்துல அவனுக்குப் பங்கு கம்மி. சின்னமுட்டத்துல விசைப்படகுத் துறைமுகம் இருக்கு, காலையில போயி ராத்திரிக்குள்ள திரும்பிரணும்னு கட்டுப்பாடு. இன்னொரு சங்கதி, சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, அதனால மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14. அதே மாவட்டத்துல குளச்சல், தேங்காப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, அங்க ஜூன், ஜூலை. முக்கடல் சங்கமம்னு போர்டு பாத்து போட்டோ எடுக்கிறீங்கல்ல, அந்த சங்கமம் மீனவன் அடுப்புல இப்படித் தான் தெரியும்.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, பௌர்ணமி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சீசன் உச்சம். கடல் உள்வாங்கி, பாத்திராத பாறை எல்லாம் வெளிய தெரிஞ்சுது, ஜனங்க வேடிக்கை பாக்க இறங்குனாங்க. பாறை மண்டபத்துல நூத்துக்கணக்கானவங்க மாட்டிக்கிட்டாங்க, அவங்களைக் கரை சேக்க படகெடுத்துட்டுப் போனது இந்த மீனவ மக்கள், தங்களோட வீட்டுல என்ன ஆச்சுன்னு தெரியாத நேரத்துல. மாவட்டத்துல ரொம்ப அடி வாங்குனது குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. மணக்குடி பாலத்தையே அலை பிடுங்கிப் போட்டுருச்சு. 2017 நவம்பர் கடைசியில ஓகி புயல், ஆழ்கடலுக்குப் போனவங்க எத்தனையோ பேரு திரும்பல. கடலை ரசிக்க வர்றவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு வரணும்னு எனக்கு ஆசை.

வள்ளுவர் சிலை கதை சுருக்கமா. 1979ல அடிக்கல், 1990ல வேலை ஆரம்பம், 2000 ஜனவரி 1ல கலைஞர் திறந்தாரு. கணபதி ஸ்தபதி வேலை, மொத்தம் 133 அடி, பீடம் 38 அடி அறத்துப்பால் அதிகாரக் கணக்கு, சிலை 95 அடி பொருளும் இன்பமும். கன்னியாகுமரியில கல்லு கொத்துற பட்டறை போட்டிருந்தாங்க, நான் வேலைக்குப் போற வழியில உளிச் சத்தம் கேக்கும், கல் தூசி ரோட்டோர இலையெல்லாம் வெள்ளையா படிஞ்சிருக்கும், ஒரு விரல் மட்டுமே எவ்வளவு பெருசுன்னு ஆளுங்க வந்து சொல்லிட்டே இருப்பாங்க. திறந்தப்புறமும் ஒரு குறை இருந்துச்சு, அலை கூடுனாலோ "கடல் நீர்மட்டம் தாழ்வு"ன்னு சொன்னாலோ படகு விவேகானந்தர் பாறையோட திரும்பிரும், வள்ளுவரைக் கிட்ட பாக்க முடியாம போனவங்க நிறைய பேரு. அதுக்குத் தான் 2024 டிசம்பர் 30ல ரெண்டு பாறைக்கும் நடுவுல 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தாங்க. நல்ல வேலை, நான் மனசார சொல்றேன், வயசானவங்க கூட இப்பம் நடந்து போய் வள்ளுவர் பாதத்தைத் தொடுறாங்க. கூட்டமும் கூடிப்போச்சு.

இனி உங்க கடைசி கேள்வி. இருக்கலாம் தம்பி, ரெண்டு நாள் இல்ல, நாலு நாளே இருக்கலாம். டிசம்பர், ஜனவரி வராதீங்க, மே மாச லீவும் வேணாம். பிப்ரவரி, மார்ச் முதல் பாதி நல்லது, சீசன் முடிஞ்சு கடை எல்லாம் பிரிச்சிருப்பாங்க, சூரியன் கடல்ல உதிச்சு கடல்லயே விழுறதையும் பாக்கலாம். ஏப்ரலுக்கு மேல அஸ்தமனம் கரைப் பக்கமா நகந்துரும், அதனால ஜூன்ல வந்து "கடல்ல விழலையே"ன்னு சொல்றவங்க நிறைய பேரு. சித்ரா பௌர்ணமி மட்டும் விதிவிலக்கு, அன்னைக்கு சாயங்காலம் மேக்க சூரியன் இறங்க கிழக்க நிலா எழும்பும், கூட்டம் இருந்தாலும் பரவால்லன்னு வாங்க. காசு கம்மியா, மரமும் மயிலும் சத்தமில்லாத இடமுமா வேணும்னா விவேகானந்தபுரத்துல ரூம் கேட்டுப் பாருங்க, ஊருக்கு வெளிய, உள்ளுக்குள்ளயே கடற்கரைக்கு நடந்து போயிரலாம்.

ஒரு நாள் வட்டக்கோட்டைக்குப் போங்க, ஆறு ஏழு கிலோமீட்டர் தான், மதில் மேல நின்னா ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு, அதுக்குப் பின்னால மேற்குத் தொடர்ச்சி மலையோட கடைசி மலைங்க. இன்னொரு நாள் மேக்க போற கரையோர ரோட்டைப் பிடிங்க, கோவளம், மணக்குடி, அப்புறம் சொத்தவிளை, சங்குத்துறை. சொத்தவிளையில தான் நீங்க தேடுற மணல் இருக்கு. அதையும் தாண்டி முட்டம், செவப்பு மண் மேடும் லைட் ஹவுஸும் பாறையும், சினிமாவுல பாத்திருப்பீங்க. ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன், தெரியாத கடல்ல இறங்காதீங்க. 2024 மே மாசம் கணபதிபுரம் பக்கத்துல அஞ்சு மருத்துவ மாணவங்க அலையில போனாங்க. அன்னைக்கு கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்துச்சு. காத்து இல்லாம, வானம் தெளிவா இருக்கும்போதே தூரத்துக் கடல்ல எழும்புன அலை வந்து ஏறும், அதுக்குத் தான் இந்தக் கரையில கள்ளக்கடல்னு பேரு. கரையில வலை பின்னிக்கிட்டு இருக்கிறவர் கிட்ட "அண்ணே இன்னைக்கு கடல் எப்படி"ன்னு கேளுங்க, அவரு வேணாம்னு சொன்னா கால் கூட நனைக்காதீங்க.

மணக்குடியில பழையாறு கடல்ல சேர்ற இடத்துல சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போயி பாலத்துல நில்லுங்க. ஒரு பக்கம் காயல், அலையாத்திச் செடி, கொக்கும் நாரையும், இன்னொரு பக்கம் பொழிமுகம், வள்ளம் திரும்பி வர்ற நேரம். மீன் கொண்டு வந்தவங்க ஏலம் விடுவாங்க, வாங்கலேன்னாலும் நின்னு கேக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உங்க தாத்தா இருக்காருன்னா அவரையும் கூட்டிட்டு வாங்க, அவரு பாத்த கன்னியாகுமரி கொஞ்சம் அங்க தான் மிஞ்சியிருக்கு.